“ஏற்கெனவே எக்கோ எடுத்தாச்சே, மறுபடியும் ஏன் சிஸ்டர்?”

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய், ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே இப்படிக் கேட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இரண்டு ஊர்களில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டுகள். எக்கோ என்பது ஒலியை அனுப்பி இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை. “திருவாரூர்ல பாத்தாங்க, தஞ்சாவூர்ல பாத்தாங்க. எல்லாரும் ஓட்டைன்னுதான் சொன்னாங்க. இன்னும் என்னத்தப் பாக்கணும்? புள்ள ஒவ்வொரு தடவையும் அழுது அழுது தொண்டையே கட்டிப்போவுது.”

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை டெல்டாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பெற்றோர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரையில் உடைப்பு என்று ஒருவர் போன் செய்கிறார். அந்தத் தகவல் போதும், ஊர் எழுந்து ஓடிவரும். ஆனால் உடைப்பை அடைக்க வருகிற ஆளுக்கு அது போதாது. எத்தனை அடி அகலம், மதகை ஒட்டியா தள்ளியா, அங்கே மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகிறது, பக்கத்தில் வேறு கசிவு உண்டா என்று எல்லாம் தெரிந்தால்தான் மூட்டை எத்தனை, முளை எங்கே அடிப்பது என்று முடிவு செய்வார். முதல் எக்கோ அந்த போன் மாதிரி. அறுவைக்கு முன் எடுப்பது, உடைப்பை அடைக்கப்போகிறவர் நேரில் வந்து அளந்து பார்ப்பது மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். திறந்த இதய அறுவையில் பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தை வெளியே ஒரு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே தைக்கிறார்கள். சர்ஜன் திறந்து பார்க்கும்போது இதயம் துடிக்காது. அறைகளில் ரத்தம் இருக்காது, சுவர்கள் சுருங்கித் துவண்டு கிடக்கும். மே மாதத்துக் கல்லணையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வறண்ட மணலைப் பார்த்து ஜூனில் எந்த இடத்தில் சுழல் விழும், எந்த மதகு கசியும் என்று சொல்ல முடியுமா? தண்ணீர் ஓடும்போது பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. ஓடுகிற இதயத்தை அப்படிப் பார்த்துச் சொல்வதுதான் எக்கோவின் வேலை. எந்த வால்வு எவ்வளவு கசிகிறது, ரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை சர்ஜன் கத்தியை எடுக்கும் முன்பே மனதில் ஏற்றிக்கொண்டாக வேண்டும்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 8 அல்லது 9 பேருக்கு இதய அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. கீழறைகளுக்கு நடுவேயுள்ள சிறு ஓட்டைகள் பலவும் தானே மூடிக்கொள்ளும். பிறந்த குழந்தையின் மேலறைச் சுவரில் தெரிகிற ஒரு சிறு திறப்பு, கருவில் எல்லோருக்கும் இருந்த வழிதான். பெரியவர்களிலும் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக மூடாமலே இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளெல்லாம் அதை அறியாமலே இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துவிட்டு “ஓட்டை” என்று வீடே அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கருவி பிறந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. கப்பல் கட்டும் தளங்களில் இரும்புத் தகட்டுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் அத்தகைய கருவியை மனித நெஞ்சின்மேல் வைத்து, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். மலைக்கு எதிரே நின்று கூவினால் குரல் திரும்பி வருகிறதே, அதே சங்கதி. உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் போகும். குழந்தையின் மார்பில் 4 செ.மீ. ஆழத்தில் ஒரு சுவரில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இதில் இல்லை. “அடிக்கடி எடுத்தா புள்ளைக்கு ஆவாதே” என்று பயப்படுகிற பாட்டிமார்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். எத்தனை தடவை எடுத்தாலும் கதிர்வீச்சு இல்லை.

இனி அந்த அறைக்குள் வாருங்கள். விளக்கு மங்கல். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் வசம்பு வளையல், கழுத்தில் நாகூரில் மந்திரித்த கயிறு, சில சமயம் அதோடு வேளாங்கண்ணி மாதா டாலர், நெற்றியில் வைத்தீஸ்வரன்கோவில் திருநீறு. எதையும் கழற்றச் சொல்ல மாட்டோம், கழுத்துக் கயிற்றை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிடுவோம். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு தடவ வேண்டும். சில்லென்று பட்டால் அவ்வளவுதான், அடுத்த கால் மணி நேரம் படம் வராது.

பெரியவர்களுக்கு மார்பில்தான் தொடங்குவார்கள். குழந்தைக்குப் பெரும்பாலும் வயிற்றுக் குழியில், தொப்புளுக்கு மேலே, மார்பெலும்பு முடிகிற இடத்தில் தொடங்குகிறார்கள். ஈரல் வலப்பக்கம் இருக்கிறதா, பெரிய ரத்தக் குழாய்கள் முதுகெலும்பின் எந்தப் பக்கம் ஓடுகின்றன, இதயத்தின் நுனி இடப்பக்கம் பார்க்கிறதா என்று அடியிலிருந்து வரிசையாகப் பார்த்து வருவார்கள். எல்லோருக்கும் இதயம் இடப்பக்கம்தான், மேலறைக்குக் கீழே அதற்குரிய கீழறைதான் என்று எதையும் முன்கூட்டி நம்பக் கூடாது என்பது இந்தப் பரிசோதனையின் முதல் விதி. உடம்பின் ரத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த அறைக்குப் போகிறது, அங்கிருந்து எந்தக் குழாய் கிளம்புகிறது என்று தலைமதகிலிருந்து கடைமடை வரை வாய்க்காலைத் தொடர்ந்து நடப்பது போல நடந்தாக வேண்டும். நடுவில் ஒரு மடையை விட்டால் கணக்குத் தப்பும். பிறகு மார்பின் இடப்பக்கம், நுனிப்பக்கம். கடைசியாகக் கழுத்துக் குழி. அங்கே அழுத்தினால் குழந்தைக்குப் பிடிக்காது, கட்டாயம் அழும். அதனால்தான் அது கடைசி.

திரையில் சிவப்பும் நீலமும் மின்னும்போது பெற்றோர் முகம் மாறும். “நீலமா வருதே, கெட்ட ரத்தமா?” இல்லை. கருவியை நோக்கி வருகிற ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போகிற ஓட்டத்துக்கு நீலம். நிறம் திசையை மட்டுமே சொல்கிறது. நல்ல ரத்தமும் விலகிப் போனால் நீலமாகத்தான் தெரியும். ஓட்டம் குழம்பிச் சுழலும் இடத்தில் நிறங்கள் கலந்து பல வண்ணத்தில் தெறிக்கும். மருத்துவரின் கண் அங்கேதான் நிற்கும்.

ரத்தம் ஓடுகிற வேகத்தை அளப்பதில்தான் எக்கோவின் சூட்சுமம் இருக்கிறது. வரும் ரயிலின் ஊதல் ஒரு சுருதியிலும், கடந்து போகும்போது வேறு சுருதியிலும் கேட்பதற்குக் காரணத்தை 1842-ல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் சொன்னார். அதே விதியால் ஓடுகிற ரத்த அணுக்களின் வேகம் தெரிந்துவிடுகிறது. வேகம் தெரிந்தால் அழுத்தம் தெரியும். வேகத்தை அதாலேயே பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால் ஓட்டைக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும்.

வாய்க்கால் கரையில் எலி வளை அளவுக்குச் சிறு ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். கரையே பெரிதாக அறுத்துக்கொண்டால் இரு பக்கமும் மட்டம் ஒன்றாகித் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். இதயத்திலும் அப்படித்தான். ஒரு குழந்தையின் ரத்த அழுத்தம் 85 என்று வைத்துக்கொள்வோம். கீழறை ஓட்டை வழியே ரத்தம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் வித்தியாசம் 64. அப்படியானால் வலது கீழறையில் அழுத்தம் 21தான், நுரையீரல் பிழைத்தது. அதே வேகம் ஒன்றரை மீட்டர்தான் என்றால் வித்தியாசம் 9. வலது பக்கமும் 76-ல் நிற்கிறது, நுரையீரல் குழாய்கள் தாங்க வேண்டாத அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஸ்டெதஸ்கோப்பில் முதல் குழந்தைக்கு முரட்டுச் சத்தம் கேட்கும், இரண்டாவது குழந்தைக்கு மெல்லியதாகவே கேட்கலாம். சத்தம் குறைந்தால் நோய் குறைந்தது என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

ஓட்டையின் அளவு தெரிந்தால் போதாது, இடம் தெரிய வேண்டும். கீழறைச் சுவரின் மேல்பகுதியில் வால்வுகளுக்கு அடியில் இருந்தால், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் வால்வில் ஒரு இதழ் அந்த ஓட்டைக்குள் சரிந்து இறங்கி, நாளடைவில் வால்வே கசியத் தொடங்கலாம். ஆசிய மக்களிடம் இந்த வகை மற்றவர்களைவிட அதிகம். ஓட்டை சிறிதாக இருந்தாலும் அந்த இதழுக்காகவே மூடச் சொல்வார்கள். சுவரின் தசைப் பகுதியில் சல்லடை போலப் பல ஓட்டைகள் இருந்தால் சர்ஜனின் திட்டமே மாறும். ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால், ஐ.சி.யூ.வில் குழந்தை தேறாமல் தவிக்கும்போதுதான் தெரியவரும்.

தவறிப்போகக்கூடியவை சில உண்டு. மேலறை ஓட்டைகளில் ஒரு வகை, மேலிருந்து வருகிற பெரிய சிரை நுழையும் வாயிலை ஒட்டி இருக்கும். சாதாரணக் கோணங்களில் அது கண்ணில் படாது. வலது அறைகள் மட்டும் காரணமில்லாமல் வீங்கியிருக்கும். அனுபவசாலிகள் அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் தேடத் தொடங்குவார்கள். இந்த வகையோடு வலது நுரையீரலின் சிரை ஒன்று தவறான அறையில் வந்து சேர்வது வழக்கம். அதையும் கண்டுபிடித்து வழிதிருப்ப வேண்டும், வெறுமனே ஓட்டையை மூடினால் பாதி வேலைதான். சிலருக்கு மேலுடம்பின் ரத்தத்தை இறக்கும் பெரிய சிரை இடப்பக்கமும் ஒன்று கூடுதலாக இருக்கும். அது இருப்பதால் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இதயத்தை நிறுத்தி ரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பும்போது, அந்த இடப்பக்கத்து வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். சர்ஜனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் கூடுதலாக ஒரு குழாய் எடுத்து வைத்திருப்பார்.

நீலம் பூக்கிற குழந்தைகளில் அதிகம் காண்பது, 1888-ல் பிரான்சின் மருத்துவர் ஃபாலோ விவரித்த நால்வகைக் குறை. ஓட்டையோடு நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகியிருக்கும். அந்தக் குறுகலை வெட்டி அகலப்படுத்த வேண்டும். இதயத்துக்கே ரத்தம் தரும் ஒரு தமனி, இவர்களில் நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு, வெட்ட வேண்டிய அதே இடத்துக்குக் குறுக்கே போகும். ஓரிரு மில்லிமீட்டர் குழாய். தெரியாமல் வெட்டினால் இதயத் தசையே இறக்கும். அதனால்தான் அந்தக் குழாயைத் தேடி எக்கோ அறையில் இவ்வளவு நேரம் போகிறது, அம்மா. புள்ளையை வதைக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசையில்லை.

பழைய ரிப்போர்ட் ஏன் செல்லாது என்ற கேள்விக்கும் பதில் குழந்தையிடமே இருக்கிறது. பிறந்த வாரத்தில் நுரையீரல் குழாய்கள் இறுக்கமாக இருக்கும், ஓட்டை பெரிதாயிருந்தும் கசிவு தெரியாது. ஆறேழு வாரத்தில் அவை தளர்ந்ததும் ரத்தம் அங்கே வெள்ளமாய்ப் பாயும், அப்போதுதான் குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், எடை ஏறாது. மகாதமனியில் குறுகல் உள்ள குழந்தைக்கு, பிறந்த சில நாட்கள் திறந்திருக்கும் இணைப்புக் குழாய் அந்தக் குறுகலை மறைத்துவிடும். அது மூடிய பிறகு கால் நாடி மங்கும். ஃபாலோ குறையில் குறுகல் மாதங்களில் இறுகும். சில ஓட்டைகள் இதற்குள் சுருங்கியும் போயிருக்கலாம். மூன்று மாதத்துக்கு முந்தைய எக்கோ என்பது ஆடியில் பார்த்த ஆற்று மட்டத்தை வைத்து ஐப்பசியில் கரை போடுவது போலத்தான்.

கதிர் அறுப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். “தை அறுப்பு முடிஞ்சு வந்துடறோம் சிஸ்டர், இப்ப விட்டுட்டு வர முடியாது” என்று சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்பது தப்பில்லை. பதில் எக்கோவில் இருக்கிறது. நெஞ்சில் தொந்தரவில்லாத நான்கு வயதுக் குழந்தையின் மேலறை ஓட்டையா, தாராளமாகக் கதிரை அறுத்துவிட்டு வரலாம். ஐந்து மாதக் குழந்தைக்குப் பெரிய கீழறை ஓட்டை, நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால் ஒரு போகம் காத்திருக்க முடியாது. பொதுவாக இவர்களுக்கு ஒரு வயதுக்குள், பலருக்கு ஆறு மாதத்தை ஒட்டியே மூடிவிடப் பார்ப்பார்கள். தள்ளிப்போட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். பெரிய தமனிகள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ முதல் சில வாரங்களே கெடு.

எக்கோவால் முடியாத இடங்களும் உண்டு. ஒலி காற்றுக்குள் ஒழுங்காகப் போகாது, அதனால் நுரையீரலுக்குள் கிளை பிரிந்து போகும் குழாய்களைச் சரியாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் தேவைப்படும். நுரையீரல் குழாய்கள் எவ்வளவு இறுகிவிட்டன, மூடினால் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் தொடை வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு உள்ளே நேரடியாக அழுத்தம் அளப்பார்கள். இவை வந்தால் எக்கோ தவறு என்று அர்த்தமில்லை. எக்கோ எழுப்பிய கேள்விக்கு அவை பதில் தேடுகின்றன.

கருவி ஒன்றேதான் என்றாலும் பிடிக்கிற கை வேறு. பெரியவர்களின் மாரடைப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கும், அந்தக் குழந்தையின் மூடிய கைப்பிடி அளவே உள்ள இதயம் புதிய தேசம். குழந்தைக்குத் தனி புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவிமுனை) வேண்டும், வால்வின் அளவை உடல் பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கு வேண்டும். அதனால் குழந்தைகள் இதய நிபுணர் இருக்கும் இடத்தில் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வது செலவில்லை, தேவை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற ஆர்.பி.எஸ்.கே. குழு, 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பிறப்பிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு வருகிற தாய்மார்களிடம் விசாரித்தால் இந்த இரண்டின் நடைமுறையும் தெரிந்துவிடும். அட்டை இல்லை, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவில்லை என்று கடைசி நாளில் அலைவதுதான் பெரிய பாடு. குழந்தை பிறந்த மாதமே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

எக்கோவுக்குப் போகும்போது சில விஷயங்கள். தூக்க மருந்து கொடுக்கப்போவதில்லை என்றால் குழந்தை பட்டினி கிடக்க வேண்டாம். பால் குடித்துக் கண் சொக்கும் நேரம்தான் நல்ல படம் வரும் நேரம். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும், எத்தனை மணி நேரம் பால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கும் மற்றப் பாலுக்கும் கணக்கு வேறு. பாவமாக இருக்கிறது என்று நடுவில் இரண்டு பாலாடை ஊற்றிவிட்டு மறைக்காதீர்கள், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் விபரீதம். பழைய ரிப்போர்ட்டோடு, கொடுத்தால் அந்த வீடியோ பதிந்த சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் இருப்பது ஒருவர் கண்டது. சி.டி.யில் இருப்பதை அடுத்தவர் தன் கண்ணால் பார்க்கலாம்.

அந்த மஞ்சள் பைத் தாயின் குழந்தைக்கு அன்று மூன்றாவது எக்கோ எடுத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை நிறுத்திப் பால் கொடுக்கவைத்தோம். கீழறை ஓட்டை பழைய ரிப்போர்ட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடவே இடப்பக்கத்துச் சிரை ஒன்று, முன்பு யாரும் குறிக்காதது. மருத்துவர் அதை அம்மாவிடம் திரையிலேயே காட்டினார். அறுவைக்காக மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பிய அன்று, எந்தக் காகிதத்தில் அந்த வரி இருக்கிறது என்று அந்தத் தாயே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார், அங்கே கேட்டால் உடனே எடுத்துக் காட்ட.

அறுவை முடிந்து இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும், மார்பைத் தைப்பதற்கு முன், உணவுக்குழாய் வழியே மெல்லிய புரோப்பை இறக்கியோ இதயத்தின் மேலேயே வைத்தோ அங்கேயே ஒரு எக்கோ எடுப்பார்கள். அடைத்த இடத்தில் கசிவு இருந்தால் அப்போதே திரும்பவும் சரிசெய்ய முடியும் என்பதற்காக. அந்த மஞ்சள் பைத் தாயின் குழந்தைக்கு அது நான்காவது.